முடி கொட்டினால் யாரிடம் போவது? கெடாத் தோட்டப்புறப் பெண்களின் நூறாண்டுக் கதை



கெடாத் தோட்டப்புற வரலாற்றை எழுதப் புகுவோர் கப்பலிலிருந்து தொடங்குவர். கங்காணியைச் சொல்வர், சயாம் மரண இரயில்பாதையைச் சொல்வர், 1947இல் ஹார்வர்டு தோட்டத்தில் எழுந்த தொண்டர் படையையும் கள்ளுக்கடை எதிர்ப்பையும் சொல்வர். இவையெல்லாம் சொல்லப்பட வேண்டியவையே. ஆனால், அதே தோட்டங்களில் விடியுமுன் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு பால்வெட்டப் போன பெண்களின் உடம்புக்கு என்ன நேர்ந்தது என்பது பற்றி, பிள்ளைப்பேற்றையும் காய்ச்சலையும் தவிர, நம் எழுத்தில் அதிகம் இல்லை. அதிலும் தலைமுடி! "இதுவும் ஒரு வரலாறா?" என்று நீங்கள் கேட்கலாம். ஒரு தாயார் என் வகுப்பறை வாசலில் நின்று, தலையில் போட்டிருந்த துப்பட்டாவை விலக்கிக் காட்டும் வரை நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

அவர் என் மாணவி ஒருத்தியின் தாயார். பிறந்தது கூலிம் வட்டாரத்து இரப்பர்த் தோட்டம் ஒன்றில். இப்போது குடியிருப்பதும் தொழிற்சாலையில் வேலை செய்வதும் சுங்கைப்பட்டாணியில். உச்சந்தலையில் இரண்டு இடங்களில், ஐம்பது காசு நாணய அளவுக்கு முடியே இல்லை. "டீச்சர், ரெண்டு வருசமா எண்ணெய மாத்தி மாத்திப் பாத்தாச்சு. மாத்திரையும் வாங்கிச் சாப்பிட்டாச்சு. இதெல்லாம் தெரிஞ்ச டாக்டர் யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டார். ஆறாம் ஆண்டுக்கு வரலாறு கற்பிக்கும் எனக்கு விடை தெரியவில்லை. அந்தக் கேள்வியின் பின்னால் போனதில் அறிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன். அவருக்கு என்ன ஆயிற்று என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் முடியின் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். மனிதத் தலையில் ஏறக்குறைய 100,000 முடிகள் உள்ளன. ஒவ்வொரு முடியும் 2 முதல் 6 ஆண்டுகள் வரை வளர்கிறது. பின்னர் ஏறத்தாழ 3 மாதங்கள் ஓய்ந்திருந்து உதிர்கிறது. அதே மயிர்க்காலிலிருந்து புதியது முளைக்கிறது. எந்த நேரத்தில் எண்ணினாலும் பத்தில் ஒன்பது பங்கு வளர்ந்துகொண்டும் ஒரு பங்கு ஓய்விலும் இருக்கும். ஆகவே, நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் உதிர்வது இயற்கை. ஆனால், கடுங்காய்ச்சலோ பட்டினியோ மிகுந்த இரத்த இழப்போ உடலைத் தாக்கினால், வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் பல ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடுகின்றன. அவை உதிர்வது அன்றைக்கு அல்ல. இரண்டு மூன்று மாதங்கள் கழித்து, எல்லாம் சேர்ந்தாற்போல. அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிலிக்மன் 1961இல் இதை விளக்கி, டெலோஜென் எஃப்லுவியம் என்று பெயரிட்டார்.

இப்போது நம் பாட்டிமார் சொன்னதை நினைத்துப் பாருங்கள். "புள்ள மொகம் பாத்துச் சிரிக்க ஆரம்பிச்சா தாய்க்கு முடி கொட்டும்." என் பாட்டியும் சொன்னார், உங்கள் வீட்டிலும் யாரேனும் சொல்லியிருப்பார்கள். குழந்தை முகம் பார்த்துச் சிரிப்பது எப்போது? இரண்டாவது, மூன்றாவது மாதத்தில். கிலிக்மன் ஆய்வேட்டில் எழுதிய கணக்கும் அதுவேதான்! குழந்தையின் சிரிப்பு தாயின் முடியைப் பறிப்பதில்லை. சூல்கொண்ட காலத்தில் உதிராமல் நின்ற முடிகள், பிள்ளை பிறந்து ஹார்மோன்கள் குறைந்ததும் ஓய்வுக்குப் போய், மூன்றாம் மாதத்தில் கொட்டத் தொடங்குகின்றன. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் காரணத்தை அறியாவிட்டாலும் காலத்தைத் துல்லியமாகக் கணித்து வைத்திருந்தார்கள். இதை அறிந்த அன்று எனக்குப் பாட்டியின் மீது மதிப்புக் கூடிற்று.

இந்தக் கணிப்புக்குத் தோட்டத்தில் வாய்ப்பும் நிறையவே இருந்தது. 1909ஆம் ஆண்டுப் பாங்காக் உடன்படிக்கையால் கெடா, சயாமின் மேலாண்மையிலிருந்து ஆங்கிலேயரின் பிடிக்கு வந்தது. அதையொட்டிய ஆண்டுகளில் கூலிம், சுங்கைப்பட்டாணி, பீடோங் வட்டாரக் காடுகள் மேலும் மேலும் வெட்டப்பட்டு இரப்பர் நடப்பட்டது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியோர் பினாங்கில் இறங்கி, ஜெரெஜாக் தீவின் நோய்த்தடுப்பு முகாமில் தங்கவைக்கப்பட்டு, பின்னர் இத்தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தனர். அவர்களை வரவேற்றது மலேரியா. கிள்ளானில் 1901இல் மலேரியா ஒழிப்பைத் தொடங்கிய டாக்டர் மால்கம் வாட்சனின் பணி ஓர் உண்மையைக் காட்டிற்று: சதுப்புநிலத்துக் கொசு வேறு, மலையடிவாரத்துக் கொசு வேறு. காட்டை அழித்ததும் வெயில் படுகின்ற தெளிந்த நீரோடை இருக்கிறதே, அதுதான் மலையடிவாரக் கொசுவுக்குத் தோதான இடம். அதாவது, இரப்பர் நடுவதற்காகச் செய்த வேலையே காய்ச்சலை வளர்த்தது.

காய்ச்சலோடு கொக்கிப்புழுவும் சேர்ந்தது. வெறுங்காலோடு நடந்த ஈரமண் வழியே உடலுக்குள் புகுந்து, குடலில் ஒட்டிக்கொண்டு, நாளும் இரத்தத்தை உறிஞ்சிய புழு அது. சோகை பிடித்த உடம்போடு ஒரு பெண் அடுத்தடுத்துப் பிள்ளை பெறுகிறாள். இடையில் காய்ச்சலில் விழுகிறாள். எழுந்ததும் வெட்டுக்குப் போகிறாள். முடி உதிர்வதற்கு மருத்துவ நூல் கூறும் காரணங்கள் அத்தனையும் ஒரே லயத்துவீட்டில் கூடியிருந்தன.

அப்போது அவள் யாரிடம் போயிருக்க முடியும்?

தொழிலாளர் சட்டங்கள் தோட்டத்து நிருவாகங்களை மருத்துவ வசதி செய்யும்படி கட்டாயப்படுத்தின. பெரிய தோட்டங்கள் தனியாகவும் சிறிய தோட்டங்கள் கூட்டாகவும் மருத்துவமனை நடத்தின. நகரத்திலிருந்து பெரிய டாக்டர் குறிப்பிட்ட நாள்களில் வந்து பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாள்களில் எல்லாமே டிரசர்தான். மலையாளிகள், யாழ்ப்பாணத்தார், தமிழகத்தார் எனப் பலரும் இப்பணியில் இருந்தனர். புண்ணைக் கழுவிக் கட்டியவரும், கொயினா கொடுத்தவரும், புட்டியில் கலவை மருந்து ஊற்றித் தந்தவரும், "இன்றைக்கு இவனால் வேலைக்குப் போக முடியாது" என்று எழுதித் தந்தவரும் அவரே. இவர்களைப் பதிவு செய்யும் தனிச்சட்டம் 1965இல்தான் வந்தது. பல டிரசர்கள் உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறார்கள்; அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஆயினும், வரிசையில் நிற்கும் கூட்டத்துக்கு நடுவில் ஒரு பெண் தலைத்துணியை அவிழ்த்து, "ஐயா, முடி கொட்டுது" என்று ஓர் ஆடவரிடம் சொல்வாளா? சொன்னாலும், காய்ச்சல்காரரைப் பார்க்கவே நேரம் போதாத அவர் என்ன செய்திருப்பார்?

ஆகவே வைத்தியம் வீட்டுக்குள்ளேயே நடந்தது. நல்லெண்ணெய் முழுக்கு, கரிசலாங்கண்ணி காய்ச்சிய தேங்காயெண்ணெய், சீயக்காய், வெந்தயம். வட்டமாக முடி கொட்டினால் அது 'புழுவெட்டு'. சின்ன வெங்காயத்தை அரிந்து தேய்ப்பார்கள். காய்ச்சலிலிருந்து பிழைத்தால் மாரியம்மனுக்கு மொட்டை. புழுவெட்டு என்ற பெயரை வைத்து ஏதோ புழு முடியை அரித்துத் தின்பதாகவே நம்மவர்கள் நம்பினார்கள். உண்மையில் அங்கே புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. உடலின் எதிர்ப்பாற்றல் தன் மயிர்க்கால்களையே தாக்குகின்ற நோய் அது. வெங்காயச் சாற்றைப் பொறுத்தவரை, பாக்தாத் மருத்துவர்கள் 2002இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில் பலன் கண்டதாக எழுதியிருக்கிறார்கள். சிறிய ஆய்வுதான். இருப்பினும் பாட்டியை முற்றாகத் தள்ளிவிட முடியாது, பாருங்கள்!

இங்கேதான் நான் வெகுநேரம் யோசித்தேன். காய்ச்சலாலும் பேறுகாலத்தாலும் உதிரும் முடி, வேறு கோளாறு இல்லையென்றால், ஆறேழு மாதங்களில் தானாகவே மீண்டும் முளைத்துவிடும். புழுவெட்டும் பலருக்குத் தானாகவே ஆறுவதுண்டு. அப்படியானால், இடையில் எதைச் செய்தாலும் அதுவே குணப்படுத்தியதுபோல் தோன்றும். எண்ணெய் தேய்த்தவளுக்கு எண்ணெய் வென்றது. மொட்டை போட்டவளுக்கு அம்மன் அருளினாள். புட்டி மருந்து குடித்தவளுக்கு டிரசர் கைராசிக்காரர். எவருமே பொய் சொல்லவில்லை. ஆனால், முடி திரும்ப முளைக்காத பெண்? அவள் சரியாக எண்ணெய் தேய்க்கவில்லை. அவள் வேண்டுதலில் குறை. அவளுக்கு ஏதோ தோஷம். அவள் சவுரி வைத்துப் பின்னி, பூவைச் சுற்றி மறைத்துக்கொண்டு வாழ்ந்து முடிந்தாள். சவுரியின் கனமும் இறுக்கிய கொண்டையும் முன்நெற்றி முடியை மேலும் இழுத்துப் பிடுங்கின என்பது வேறு. இழுவையால் வரும் இந்த வழுக்கையைக் கிரீன்லாந்துப் பெண்களிடம் கண்டு 1907இலேயே ஐரோப்பிய மருத்துவர் ஒருவர் எழுதிவிட்டார். நம் தோட்டத்துக்கு அந்தச் செய்தி வரவே இல்லை.

ஜப்பானியர் காலத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அதற்குத் தனிக்கட்டுரை வேண்டும். 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஆடவர் பலர் சயாம் இரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டனர். தோட்டத்தில் எஞ்சிய பெண்களுக்கு அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்குதான். கொயினாவுக்கும் தட்டுப்பாடு. கிழங்கில் மாவுச்சத்து உண்டு, புரதம் மிகக் குறைவு. முடியோ பெரும்பாலும் புரதத்தால் ஆனது. "சப்பான்காரன் காலத்துல தலையில கை வெச்சா கையோட வரும்" என்று பாட்டி சொல்வார். அதைப் பஞ்சத்தின் கதையாகத்தான் கேட்டேன். மருத்துவக் குறிப்பாகவும் கேட்டிருக்க வேண்டும்.

விடுதலைக்குப் பின்னர் நகரங்களில் மருத்துவர் எண்ணிக்கை கூடிற்று. அலோர்ஸ்டாரில் 1957இல் டாக்டர் மகாதீர் 'மகா கிளினிக்' திறந்ததை நம் பாடநூல் வழி பலரும் அறிவர். அவருடைய துணைவியார் டாக்டர் சித்தி ஹஸ்மா 1955இல் மருத்துவப் பட்டம் பெற்றவர். கெடாவில் அரசாங்கத் தாய்சேய் நலப் பணியில் ஈடுபட்டவர். என் கட்டுரைக்குக் கணவரைவிட இவரே முக்கியம். பெண்ணின் தலையைப் பார்க்கப் பெண் மருத்துவர் ஒருவர் இருக்கிறார் என்பதே பெரிய மாற்றம். தாய்சேய் நலக் கிளினிக்குகளில் மிசிகள் சூலுற்ற பெண்களுக்கு இரத்தப் பரிசோதனை செய்து இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தபோது, முடியைப் பற்றி யாரும் பேசாமலேயே முடிக்கும் ஒரு நன்மை நடந்தது.

ஆனால், உலக மருத்துவமே பெண்ணின் முடியை மிகத் தாமதமாகத்தான் கவனித்தது. ஆண்களின் வழுக்கைக்கு ஹாமில்டன் 1951இல் படிநிலைகளை வகுத்தார். 1975இல் நார்வுட் அதைத் திருத்தினார். பெண்களின் உச்சந்தலை மெலிவுக்கென்று எரிக் லுட்விக் தனிப் படிநிலை வகுத்தது 1977இல். மினாக்சிடில் என்னும் பூச்சுமருந்து முதலில் இரத்தக்கொதிப்பு மாத்திரையாக இருந்தது. உட்கொண்டவர்களுக்கு உடலெங்கும் முடி வளரவே, தலைக்குப் பூசிப் பார்த்தார்கள். அமெரிக்காவில் 1988இல் ஆண்களுக்கு அனுமதி, பெண்களுக்கு 1991இல்தான். நம் அம்மாக்கள் இளம்பெண்களாக இருந்தபோது, எவ்வளவு பெரிய மருத்துவரிடம் போயிருந்தாலும் பெண்களுக்கென்று அனுமதிக்கப்பட்ட ஒரு பூச்சுமருந்து இல்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

இதற்குள் தோட்டங்களும் மாறின. இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. பெண்கள் சுங்கைப்பட்டாணித் தொழிற்பேட்டைகளுக்கும், 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவுக்கும் வேலைக்குப் போனார்கள். டிரசரின் இடத்தில் பேனல் கிளினிக் வந்தது. அங்கும் வரிசை, அங்கும் இரண்டு நிமிடம், அங்கும் ஒரு வைட்டமின் பொட்டலம். கூடவே பேரங்காடிகளில் 'முடி சிகிச்சை நிலையங்கள்' முளைத்தன. வெள்ளை அங்கி, உருப்பெருக்கிக் கருவி, ஆயிரக்கணக்கான வெள்ளிக்குப் 'பேக்கேஜ்'. அங்கி அணிந்தவரெல்லாம் மருத்துவரல்லர். முன்பு பாட்டிக்குக் கிடைத்த அதே தற்செயல் புகழ் இப்போது இவர்களுக்குக் கிடைக்கிறது. பாட்டி காசு கேட்கவில்லை, அவ்வளவுதான்.

2020, 2021ஆம் ஆண்டுகளில் கோவிட் தொற்றுக்குப் பிறகு எத்தனை தாய்மார்கள் கொத்துக்கொத்தாய் முடி கொட்டுகிறது என்று கலங்கினார்கள்! என் சக ஆசிரியை ஒருவர் உதிர்ந்த முடியை நெகிழிப்பையில் சேர்த்து வைத்திருந்தார். நூறாண்டுக்கு முன்பு மலேரியா செய்ததைத்தான் இந்தக் கிருமியும் செய்தது. காய்ச்சல் விட்ட இரண்டு மூன்று மாதம் என்ற கணக்கை அறிந்த யாரேனும் ஒருவர் அருகில் இருந்திருந்தால் பாதி அச்சம் தீர்ந்திருக்கும்.

விவரம் தெரிந்த மருத்துவர் யார் என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். மருந்துச் சீட்டை எடுப்பதற்கு முன் அவர் கேட்பார்: மூன்று மாதங்களுக்கு முன் என்ன நடந்தது? காய்ச்சலா, அறுவைச் சிகிச்சையா, பிள்ளைப்பேறா, திடீரென உடல் இளைத்ததா? மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா? என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? பிறகு முடியை வகிர்ந்து தோலைப் பார்ப்பார். வகிடு அகல்கிறதா, வட்டமாகக் கொட்டியிருக்கிறதா, செதில் உண்டா, தழும்பு உண்டா என்று பார்ப்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். தேவைப்பட்டால் இரத்த அணுக்கள், இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின், தைராய்டு ஆகியவற்றைச் சோதிக்கச் சொல்வார். நம் நாட்டில் தலசீமியாவும் உண்டு; ஆகவே, சோகை என்றதும் கண்ணை மூடிக்கொண்டு இரும்பு மாத்திரை எழுதமாட்டார். முடிக்கென்று பலரும் விழுங்கும் பயோட்டின் மாத்திரை, தைராய்டு முதலிய சில சோதனைகளின் முடிவையே தவறாகக் காட்டக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017இல் எச்சரித்தது. அதைச் சாப்பிடுவோர் மருத்துவரிடம் மறவாமல் சொல்ல வேண்டும்.

வழி என்னவென்றால், முதலில் அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போவதுதான். கட்டணம் 1 வெள்ளி. அங்குள்ள மருத்துவர் தேவை கண்டால் தோல் சிறப்பு மருத்துவருக்குக் கடிதம் தருவார். அலோர்ஸ்டார் சுல்தானா பாஹியா மருத்துவமனையில் தோல் பிரிவு உள்ளது. முறை வரச் சில மாதங்கள் ஆகலாம் என்பது உண்மையே. தழும்போ செதிலோ வலியோ இருந்தால் அதைக் கடிதத்தில் குறிப்பிடும்படி கேளுங்கள். தனியார் மருத்துவரிடம் போவோர், அவர் தோல் சிறப்பு மருத்துவர்தானா என்பதைத் தேசியச் சிறப்பு மருத்துவர் பதிவேட்டில் இலவசமாகவே சரிபார்க்கலாம். அப்பதிவேடு 2006இல் தொடங்கியது. 2017 ஜூலை முதல் சிறப்பு மருத்துவர் பதிவு சட்டப்படி கட்டாயமாயிற்று. நூறாண்டாகத் தோட்டத்துப் பெண்ணுக்குக் கிடைக்காத வசதி இது. இருந்தும் நம்மில் பலர் பேரங்காடிக்குத்தான் முதலில் போகிறோம்.

அந்தத் தாயாரும் அப்படித்தான் போயிருந்தார். இரண்டாண்டில் செலவழித்தது அவருடைய மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல். ஒருவர்கூட அவருடைய தலைத்தோலைக் கூர்ந்து பார்க்கவில்லை. கிளினிக் கெசிஹாத்தானில் ஓர் இளம் பெண் மருத்துவர் பார்த்தார். முடியில்லாத இடத்தில் தோல் வழுவழுப்பாகவும் ஓரம் கருத்தும் இருப்பதைக் கண்டார். பிறகு காதுமடலின் குழியைப் பார்த்தார். அங்கேயும் அதே செதில். கடிதம் எழுதினார். தோல் பிரிவில் சிறு துண்டு எடுத்துச் சோதித்ததில் டிஸ்காயிட் லூப்பஸ் என்று தெரிந்தது. இதுவும் உடல் தன்னையே தாக்கும் நோய்தான். ஆனால், புழுவெட்டைப் போல் மயிர்க்காலை விட்டுவைப்பதில்லை. தழும்பான இடத்தில் முடி இனி முளைக்காது. முதல் ஆண்டிலேயே வந்திருந்தால் இரண்டாவது வட்டத்தையேனும் தடுத்திருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். சிலருக்கு இந்நோய் உள்ளுறுப்புகளுக்கும் பரவுவதுண்டு என்பதால் சிறுநீரையும் இரத்தத்தையும் சோதித்தார்கள். நல்லவேளை, பரவவில்லை.

அவருக்குக் கொடுத்த மாத்திரையின் பெயர் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின். மலேரியா மருந்துகளின் இனத்தைச் சேர்ந்தது. இலண்டன் மருத்துவர் பெய்ன் என்பவர் 1894இலேயே லூப்பஸுக்குக் கொயினாவைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார். 1951இல் பேஜ் என்பவர், போர்க்காலத்து மலேரியா மாத்திரையான மெப்பாகிரின் இந்நோய்க்குப் பயன்படுவதை எழுதினார். அந்த வழியில் வந்ததே இந்த மாத்திரை. இதை உண்போர் அவ்வப்போது கண்ணைச் சோதித்துக்கொள்ள வேண்டும். வெயிலைத் தவிர்க்க வேண்டும்.

சென்ற மாதம் பெற்றோர் சந்திப்புக்கு அவர் தம் மாமியாரையும் அழைத்து வந்திருந்தார். தோட்டத்தில் நாற்பதாண்டு பால்வெட்டியவர். மாத்திரையைப் பற்றி நான் விளக்கியதும் அந்த அம்மா வியப்போடு மருமகளைப் பார்த்தார்.

"கொயினாவா? டிரசரு கையில வாங்கி வாயில போட்டுக்கிட்டு, அவரு அந்தப் பக்கம் திரும்புனதும் கசக்குதுன்னு நாங்க துப்பிட்டு வருவோமே டீச்சர், அதுவா?"